வீட்டு வரியும் ‘பொதுமக்கள்’ என்னும் சொல்லும்

வரி என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே முகம் சுளிப்பது மக்கள் இயல்பு. அதிலும் கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பத்தில் வீட்டு வரிக் கேட்பு அறிவிப்பு வந்துவிட்டால் அது ஒரு சுமையாகவே தோன்றும். ஆனால், அந்தச் சிறு தாளுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. யாருக்கு வீடு உண்டு, யாருக்கு வாக்கு உண்டு, யார் பொதுமக்கள் என்னும் மூன்று கேள்விகளும் அந்த வரலாற்றில் பின்னிக் கிடக்கின்றன. இந்த வெள்ளி விழா மலரைப் படிக்கும் நம் இளைஞர்கள் அந்த வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் சேரியும்

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள், கோயிலுக்கு வருவாய் தந்த ஊர்களை ஒவ்வொன்றாகக் கணக்கிடுகின்றன. ஓர் ஊரின் மொத்த நிலத்தைக் கூறி, அதிலிருந்து வரி கொடாத நிலங்களைக் கழித்து, எஞ்சியதற்கே வருவாய் குறிக்கும் முறை அவற்றுள் காணப்படுகிறது. அவ்வாறு கழிக்கப்பட்டவற்றுள் ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் இடம்பெறுகின்றன. ‘தீண்டாச்சேரி’ என்ற சொல்லும் அக்கல்வெட்டுகளில் உண்டு.

இதனைப் படிக்கும்போது நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரி விலக்கு ஊர்நத்தத்திற்கும் உண்டு, சேரிக்கும் உண்டு. ஆயினும் ஊர் வேறு, சேரி வேறு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஏட்டில் கோடு கிழிக்கப்பட்டுவிட்டது. விலக்கு கிடைத்தது, ஊரில் இடம் கிடைக்கவில்லை. விலக்கு என்பது எப்போதும் உரிமையின் அடையாளம் ஆகாது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் கிராம நத்தத்திற்கு நிலவரி இல்லை. ஆனால், நம் முன்னோருள் பலர் குடியிருந்த மனை அவர்களுடையதாக இல்லை. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891ஆம் ஆண்டில் எழுதிய குறிப்புகள், அம்மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை அரசுக்கு எடுத்துரைத்தன. குடிசை போட்ட இடத்தைக்கூட மிராசுதாரர் தமதென்று கூறி, எதிர்த்துப் பேசிய உழைப்பாளியை வெளியேற்ற முடிந்தது என்பதை அவர் சுட்டிக்காட்டினார். மிராசு முறை வேரூன்றிய செங்கற்பட்டின் நிலை நம் திண்டுக்கல் சமவெளிக்கு அப்படியே பொருந்தாது. எனினும், பிறர் நிலத்தின் ஓரத்தில் குடிசை கட்டி, நிலக்காரர் தயவில் வாழ்ந்த வாழ்க்கை தமிழகம் எங்கும் பொதுவாகவே இருந்தது. மனை சொந்தமில்லை என்றால் வரி ஏட்டில் பெயரில்லை. வரி ஏட்டில் பெயரில்லை என்றால் என்ன நேர்ந்தது என்பதை அடுத்துக் காண்போம்.

வரி செலுத்தியவருக்கே வாக்கு

1792ஆம் ஆண்டில் திண்டுக்கல் சீமை கும்பினியார் வசம் வந்தது. அக்காலத்தில் தறி, கடை, தொழில், வீடு ஆகியவற்றின்மேல் ‘மொத்தர்பா’ என்ற பெயரில் வரி தண்டப்பட்டது. அந்த வரி அரசின் கருவூலத்திற்குச் சென்றது. வரி கொடுத்த ஊருக்கு அதனால் தனிப்பட்ட பயன் ஏதுமில்லை. 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்திற்குப் பிறகே, வீட்டின்மேல் வாங்கும் வரியை அந்த நகரின் சாலைக்கும் விளக்கிற்கும் துப்புரவுக்கும் செலவிடுதல் என்னும் முறை சென்னை மாகாணத்தில் நிலைபெற்றது. அடுத்த ஆண்டே, 1866இல், திண்டுக்கல் நகராட்சி அமைந்தது.

நகராட்சி வளர்ந்தபோது, வரி செலுத்துவோர் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் வளர்ந்தது. ரிப்பன் பிரபு 1882இல் வெளியிட்ட தல சுயாட்சித் தீர்மானமும், 1884ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிச் சட்டமும் இவ்வழியைத் திறந்தன. ஆனால், அந்த வாயில் எல்லோருக்கும் திறக்கவில்லை. சொத்தும் வரியுமே வாக்குரிமையின் அளவுகோல் ஆயின.

1920ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கு முதல் தேர்தல் நடந்தது. மாகாணத்தில் நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்கள் இருந்தனர். வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றோர் ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் பேர் மட்டுமே. நிலவரியோ நகராட்சி வரியோ குறித்த அளவு செலுத்தியோர்க்கே பெரும்பாலும் அப்பட்டியலில் இடம் கிடைத்தது. சொந்த மனையும் சொந்த நிலமும் இல்லாத நம் மக்களுள் வாக்காளரானவர் மிகச் சிலரே. எம். சி. இராசா அவர்களும் இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் சட்டமன்றத்தில் அமர்ந்தது தேர்தலின் வழியே அன்று, நியமனத்தின் வழியே என்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

இந்த அநீதியின் வேரை அண்ணல் அம்பேத்கர் தொடக்கத்திலேயே கண்டார். 1919ஆம் ஆண்டில் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்தபோதே வாக்குரிமைத் தகுதியை ஒடுக்கப்பட்டோர்க்குத் தாழ்த்த வேண்டும் என்று வாதிட்டார். 1928இல் சைமன் குழுவிடம் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை கேட்டார். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம்கூடச் சொத்து, வரி, எழுத்தறிவு ஆகிய தகுதிகளை விட்டுவிடவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 326ஆம் பிரிவுதான் வாக்கை வரி ரசீதிலிருந்து பிரித்தெடுத்தது. இன்று வரி செலுத்தாதவரும் வாக்களிக்கலாம். ஆனால், ஒரு காலத்தில் அந்த ரசீதுதான் குடிமகனின் கையொப்பமாக இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

வரி விலக்கும் ‘பொது’வும்

இனி விலக்குகளின் வரலாற்றுக்கு வருவோம். 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் நூறாண்டுக்கு மேல் நம் நகரங்களை ஆண்டது. அச்சட்டம் சில கட்டடங்களுக்குச் சொத்து வரியிலிருந்து விலக்கு அளித்தது. பொது வழிபாட்டிடங்கள், வாடகை வாங்காத சத்திரங்கள், விடுதிகள் உள்ளிட்ட கல்விக் கட்டடங்கள், மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட நூலகங்கள், விளையாட்டுத் திடல்கள், அறக்கட்டளை மருத்துவமனைகள், இடுகாடு சுடுகாடுகள் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

இவ்விலக்கின் அடிப்படை யாது? ஒரு கட்டடம் வரி செலுத்தாவிட்டால் அதன் பங்கையும் மற்ற வீட்டுக்காரர்களே சுமக்க வேண்டும். அவ்வாறு சுமப்பதற்கு ஒரே நியாயம், அக்கட்டடம் எல்லோருக்கும் பயன்படுகிறது என்பதுதான். வரி விலக்கு என்பது பொதுமக்கள் கொடுக்கும் நன்கொடை. அந்த நன்கொடையைப் பெற்றவர் பொதுமக்களுக்குக் கடன்பட்டவர் ஆகிறார்.

நம் ஊரின் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர் தங்கி இளைப்பாறச் சத்திரம் அமைப்பது தமிழர் போற்றிய அறம். ஆனால், அக்காலத்துத் தமிழகத்தில் சத்திரங்களின் திண்ணையும் கிணறும் கோயிலின் வாயிலும் நம்மவர்க்குத் திறந்திருந்தனவா? பெரும்பாலான இடங்களில் இல்லை. பொது இடம் என்று சட்டம் விலக்கு அளித்தது. பொதுமக்கள் என்ற சொல்லுக்குள் நம்மைச் சேர்க்கச் சமுதாயம் மறுத்தது. சேரியில் வரி கொடுத்தவன், தான் நுழைய முடியாத கட்டடத்தின் வரிப்பங்கையும் சேர்த்துச் சுமந்தான். இதுவே வீட்டு வரி வரலாற்றில் நாம் கண்டுணர வேண்டிய பெரிய முரண்பாடு.

இம்முரண்பாட்டை எதிர்த்து எழுந்த குரல்களுள் முதன்மையானது இரட்டைமலை சீனிவாசன் அவர்களுடையது. 1924ஆம் ஆண்டில் அவர் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பொதுச்சாலை, பொது அலுவலகம், பொதுக்கிணறு, குளம், பொது இடங்கள் ஆகியவற்றை எச்சாதியாரும் பயன்படுத்தலாம் என அரசு ஆணை வெளியிட்டது. ஆணை வெளிவந்த அதே ஆண்டில் பம்பாய் மாகாணத்து மகாத் நகராட்சி, தன் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடத் தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டில் கிடந்தது. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் தம் மக்களோடு சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகியபோதுதான் அத்தீர்மானத்திற்கு உயிர் வந்தது. குளம் நகராட்சியினுடையது, நகராட்சி மக்களுடையது, ஆகவே குளம் நம்முடையது என்பதே அப்போராட்டத்தின் எளிய கணக்கு. வழக்கு நீண்டு, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அக்கணக்கைச் சரியென்று தீர்ப்பளித்தது.

1938இல் எம். சி. இராசா அவர்களின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் சமூக இடர்ப்பாடுகள் நீக்கச் சட்டம் நிறைவேறியது. 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் நம் பழைய மதுரை மாவட்டத்தின் தலைநகரிலேயே, வைத்தியநாத ஐயர் முன்னின்று, கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். 1947இல் கோயில் நுழைவு உரிமை மாகாணம் முழுமைக்கும் சட்டமாயிற்று.

இவையனைத்தின் சாரமும் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவில் அடங்கியுள்ளது. முழுமையாகவோ ஓரளவோ அரசு நிதியால் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடம் எதிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்று அது கூறுகிறது. அப்பிரிவு ‘அரசு’ என்னும்போது ஊராட்சியும் நகராட்சியும் அதற்குள் அடங்கும். நாம் செலுத்தும் வீட்டு வரி கலந்த எந்த இடத்தின் கதவும் நமக்கு அடைபடலாகாது என்பதே இதன் பொருள்.

மனை நமதான கதை

வரி ஏட்டில் நம் பெயர் ஏறுவதற்கு முதலில் மனை நமதாக வேண்டும் அன்றோ? 1920ஐ ஒட்டி அமைந்த தொழிலாளர் துறை, ஒடுக்கப்பட்டோர்க்கு மனைகள் வாங்கித் தரும் பணியைத் தொடங்கியது. அம்மனைகளின் விலையை நம் முன்னோர் தவணையாகத் திருப்பிச் செலுத்தினர். அவை பிச்சையாகக் கிடைத்தவை அல்ல. 1961இல் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு உரிமை வழங்கும் சட்டம், அவ்வாண்டு சூன் 19ஆம் நாளில் பிறர் நிலத்தில் குடியிருந்த வேளாண் தொழிலாளர்க்கு அந்த மனையையே உரிமையாக்கியது. 1978ஆம் ஆண்டின் அரிசன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின்வழி ஊர்தோறும் மனைகள் எடுக்கப்பட்டன. நம் தெருக்களில் பல இச்சட்டங்களின் பயனாகப் பிறந்தவையே.

மனை வந்தது, வீடு எழுந்தது, வீட்டு வரியும் வந்தது. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் வீட்டு வரி கட்டாயமாயிற்று. ஊராட்சி தண்டிய வீட்டு வரிக்கு இணையான தொகையை அரசும் மானியமாக வழங்கும் ஏற்பாடு அப்போது இருந்தது. சேரியில் ஒரு ரூபாய் தண்டினால் ஊராட்சிக்கு இரண்டு ரூபாய் வந்தது. அந்த இரண்டு ரூபாயில் சேரித் தெருவிளக்கிற்கு எவ்வளவு சென்றது என்று கேட்கும் துணிவுதான் அன்று நம்மிடம் குறைவாக இருந்தது.

இன்றைய முறை

ஒட்டன்சத்திரம் பேரூராட்சியாக இருந்து நகராட்சியாக உயர்ந்த ஊர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 30 ஆயிரம் மக்கள் இங்கு வாழ்ந்தனர். காய்கறிச் சந்தையால் புகழ்பெற்ற இவ்வூரில், அச்சந்தையின் மூட்டைகளைச் சுமக்கும் தோள்களுள் நம்மவர் தோள்களும் உண்டு. ஆகவே, நகராட்சி வரியின் இன்றைய விதிகளைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்வோம்.

1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சொத்து வரி ஆண்டுக்கு இருமுறை செலுத்தப்படுகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றோர் அரையாண்டு.

2022ஆம் ஆண்டு ஏப்ரலில் வரி பொதுவாக உயர்த்தப்பட்டபோது, நகராட்சிகளில் குடியிருப்பு வீடுகளுக்கு அளவைப் பொறுத்து உயர்வு வேறுபட்டது. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு, 601 முதல் 1200 வரை 50, 1201 முதல் 1800 வரை 75, அதற்கு மேற்பட்டால் 100 விழுக்காடு. சிறிய வீட்டுக்குச் சிறிய உயர்வு என்பதே இதன் நோக்கம். ஆகவே, வீட்டின் பரப்பு ஏட்டில் சரியாகப் பதிவாகியுள்ளதா என்பது வெறும் எண் பற்றிய செய்தி அன்று. 580 சதுர அடி வீடு 620 என்று பதிவாகிவிட்டால் அக்குடும்பம் வேறொரு படியில் ஏற்றப்பட்டுவிடும்.

அடுத்து, தள்ளுபடி. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள் வரியைச் செலுத்துவோர்க்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகையாகக் கழிக்கப்படுகிறது. இதன் உச்ச அளவு 5,000 ரூபாய். அரையாண்டுக்கு 500 ரூபாய் வரி உடையவர் ஏப்ரல் மாதத்திலேயே செலுத்தினால் 475 ரூபாய் போதும். தொகை சிறிதாகத் தோன்றலாம். ஆனால், நிலுவை வைத்தால் வட்டி ஏறும். வட்டியோடு நிலுவையும் சேரும். உரிய காலத்தில் செலுத்திப் பெறும் 25 ரூபாய் ஒரு மாணவனுக்கு ஒரு குறிப்பேடு.

வரி மிகுதி என்று கருதினால் குறித்த நாட்களுக்குள் எழுத்து வழியே சீராய்வு கேட்கலாம். அதன்பின் மேல்முறையீடும் உண்டு. வாய்ச்சொல்லாக வரித்தண்டலரிடம் முறையிடுவது பயன் தராது. மனு எழுதுக, நாள் குறித்து ஒப்புகை பெறுக, நகலை வீட்டில் வைக்க.

விலக்கும் தானாக வீடு தேடி வருவதில்லை. கல்வி அமைப்புகளின் கட்டடம், மாணவர் விடுதி, படிப்பகம் ஆகியவை விலக்குக்கு உரியனவா என்பதை நடப்பு விதிகளைப் படித்து, உரிய சான்றுகளோடு விண்ணப்பித்தே பெற வேண்டும். பெற்றால், மேலே கூறிய கடனும் நம்மேல் ஏறுகிறது. விலக்குப் பெற்ற படிப்பகத்தின் கதவு ஊரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். நமக்கு மறுக்கப்பட்டதை நாம் பிறர்க்கு மறுக்கலாகாது. நமக்குள்ளேயே ஒரு பிரிவாரை மற்றொரு பிரிவார் தள்ளிவைக்கும் கொடுமைக்கும் இது பொருந்தும்.

மற்றொரு செய்தி கல்வியோடு நேரடியாகத் தொடர்புடையது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், நூலகத் தந்தை எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களின் நெடுநாள் முயற்சியால் உருவானது. அதன்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் தண்டப்படுகிறது. இன்று அது வரி ரூபாய் ஒன்றுக்கு 10 காசு. பொது நூலகத்தின் அலமாரியில் இருக்கும் நூல்களுள் நம் வீட்டுக் காசும் இருக்கிறது. அந்நூலகத்தில் உறுப்பினர் ஆகாத மாணவர், தாம் விலை கொடுத்த நூலைக் கடையிலேயே விட்டு வருபவருக்கு ஒப்பாவர்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. வீட்டு வரி ரசீது நிலத்தின் உரிமைப் பத்திரம் ஆகாது. வரி செலுத்தியதனால் மட்டும் மனை உரிமை நிறுவப்படுவதில்லை என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. ரசீது நாம் அங்கு வாழ்ந்ததற்குத் துணைச்சான்று, பட்டாவே அடிப்படை. பாட்டனார் பெயரில் ரசீதும் எவர் பெயரிலும் இல்லாத பட்டாவுமாக எத்தனையோ வீடுகள் இன்னும் உள்ளன. பெயர் மாற்றம் செய்யாமல் விட்ட ஒரு தலைமுறையின் அயர்வு அடுத்த தலைமுறைக்கு வழக்காக வந்து நிற்கும்.

இளைஞர்களுக்கு

எழுதப் படிக்கக் கற்ற இளைஞர்களே! உங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத முதியோர் இன்னும் பலர் உள்ளனர். அவர்களின் கேட்பு அறிவிப்பைக் கையில் வாங்கிப் படித்துக் காட்டுங்கள். பெயர் சரியா, கதவு எண் சரியா, பரப்பு சரியா, நிலுவை உண்மையா என்று பாருங்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் மாதத்திலேயே செலுத்தத் துணை நில்லுங்கள். பட்டா இல்லாத வீடுகளைக் கணக்கெடுத்து, ஒருவர் ஒருவராக அலையாமல் ஒன்றாகச் சென்று வட்டாட்சியரிடம் மனு கொடுங்கள்.

இவ்வளவையும் செய்தபின், அந்த ரசீதைக் கையில் ஏந்தி நகராட்சியிடம் கேளுங்கள்: எங்கள் தெருவின் விளக்கு எங்கே, சாக்கடை எங்கே, குடிநீர்க் குழாய் எங்கே என்று. அவ்வாறு கேட்பது இரந்து நிற்பது ஆகாது. ஒரு காலத்தில் வரி ஏட்டில் நம் பெயர் இல்லை. பின்னர், பெயர் இருந்தும் ‘பொதுமக்கள்’ என்னும் சொல்லில் நாம் இல்லை. இன்று ஏட்டிலும் இருக்கிறோம், சட்டத்திலும் இருக்கிறோம். தெருவிலும் அது காணப்பட வேண்டும். அதுவரை, செலுத்திய ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்பது நம் கடமை; கேட்கக் கற்பிப்பது கல்வியின் கடமை.